இருபத்தேழா, இருபத்தெட்டா

மணிக்கட்டுக்குள் ஒரு தகடு, ஆறு திருகாணி.
பள்ளிப் பேருந்தின் பனி மூடிய படியில் வழுக்கியதற்கு
எனக்குக் கிடைத்த ஓய்வூதியம்.
ஒரு வருஷம் துப்பாக்கியைத் தொடாதே என்றார் எலும்பு டாக்டர்.
வியாழக்கிழமைப் பெண்கள் அணியில்
என் இடத்துக்கு மர்னா ஷெல்ஸ்டாட் காத்திருக்கிறாள்.
தொடுவேன்.
மெல்லத் தொடுவேன்.

அதற்காகத்தான் இந்தத் தகர டப்பா.
ஏலத்தில், துருப்பிடித்த தூண்டில் முட்களோடு சேர்த்து
நாலு டாலர்.
விலைச்சீட்டில் பெயர் உள்ள கடை
இப்போது பல் ஆஸ்பத்திரி.
மூடியைத் திருகி மோந்து பார்த்தேன்:
நகப்பூச்சு அழிக்கும் வாடை, சுருக்கென்று. நல்லது.
புளித்திருந்தால், செந்தூசி பறந்திருந்தால்
வெளியே மண்ணோடு போயிருக்கும்.

கிழட்டு மருந்து, ஆனால் அவசரக்காரி.
மற்றவை குழல் நெடுக நடந்து எரியும்;
இவள் வாசலிலேயே எரிந்து முடிப்பாள்.
கொஞ்சம் போதும். அது இவளுடைய நல்ல குணம்.
கொஞ்சம் போதும் என்பதுதான் கெட்ட குணமும்.
பித்தளைக் கூட்டில் கால் வயிறுகூட நிறையாது.
மறதியில் இன்னொரு தரம் ஊற்றினாலும்
பொங்கி வழிந்து காட்டிக்கொடுக்க மாட்டாள்.
சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே உட்கார்ந்திருப்பாள்.

பிப்ரவரி. ஹாவர் ஊரின் காற்று
கராஜ் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.
ஊற்று, குண்டை வை, நெம்புகோலை இறக்கு.
ஊற்று, வை, இறக்கு.
இருபத்தேழில் போன் அடித்தது.

ஆரின்.
பத்தொன்பது வருஷத்துக்கு முன் விவாகரத்து,
இப்போது ஸ்போகேனில்.
பழைய டிரக்கின் இரண்டாவது சாவி
என்னிடம் இருக்கிறதா என்றான்.
டிரக்கையே விற்றுவிட்டாயே என்றேன்.
ஆமாம் என்றான்.
பிறகு வானிலை, பிறகு பல்வலி,
பிறகு யாரோ ஒருவருடைய நாய்.
போனைக் கழுத்தில் இடுக்கியபடி
உம், உம் என்றுகொண்டிருந்தேன்.

வைத்தபின் பார்க்கிறேன்:
தட்டில் ஐம்பதும் நிற்கின்றன.
நான் செய்யவில்லை.
கை செய்திருக்கிறது.

தராசு உதவாது. கூட்டுக்குக் கூடு எடை வேறு;
அந்த வித்தியாசத்துக்குள்
ஒரு சிட்டிகை மருந்து தாராளமாக ஒளிந்துகொள்ளும்.
காதருகே குலுக்கினேன்.
ஐம்பதும் ஒரே மாதிரி முணுமுணுத்தன,
அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.
வியாழக்கிழமை என் வலப்பக்கம் மர்னா நிற்பாள்,
ஒன்றரை அடி தள்ளி, அந்த மஞ்சள் கண்ணாடியோடு.

சுத்தியலை எடுத்தேன்.
தோட்டாவைத் தலையில் வைத்துத் திருகி
மரக்கட்டையில் ஓங்கி அடித்தால்
குண்டு கழன்று விழும், மருந்து கொட்டும்.
மணிக்கட்டுக்கு வலிக்கக் கூடாதென்று
இளைத்துச் செய்த ஐம்பதையும்
மணிக்கட்டு வலிக்க வலிக்க உடைத்தேன்.
பதினைந்துக்குமேல் இடக்கையால். அது ஒழுங்காக அடிக்கத் தெரியாத கை;
இரண்டு தரம் கட்டைவிரலை அடித்தது.
சரக்கு ரயில் ஒன்று கிழக்கே போனது.
ஒவ்வொன்றாகத் தராசில்: சரி. சரி. சரி.

முப்பத்தொன்பதில்
குண்டு விழுந்தது.
வேறொன்றும் விழவில்லை.

கவிழ்த்தேன். தட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன்.
காலி.
இரட்டிப்பைத் தேடி உட்கார்ந்தவளுக்கு
இல்லாதது அகப்பட்டது.
இதுவும் லேசுப்பட்டதல்ல:
பிரைமர் மட்டும் சின்னதாக இருமும்,
குண்டு பாதிக் குழலில் சிக்கி நிற்கும்,
என்ன என்று யோசிக்காமல் அடுத்ததைச் சுட்டால்
அதன் முதுகில் போய் மோதும்.

மீதி பதினொன்றும் சரியாக இருந்தன.

இரவு பத்தரைக்கு மறுபடி ஆரம்பித்தேன்.
போனை ரொட்டி டப்பாவுக்குள் போட்டு
சமையலறையில் விட்டு வந்தேன்.
பதினேழாவது கூட்டில்
டப்பாவுக்குள்ளிருந்து கேட்டது, மெல்ல, தகர ஓசையாக.
இந்நேரத்தில் வேறு யார்.
சாவிக்காகக் கூப்பிடுகிறவன் இல்லை அவன்,
அது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கையை நிறுத்தினேன்.
பதினேழைக் கவிழ்த்து
மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன்.
மூடியைத் திருகி இறுக்கினேன்.
பிறகு எழுந்து போனேன்.