நுனித் துண்டு

பாண் நேற்றையதாக இருக்கவேண்டும்.
இன்றைய பாண் கத்திக்கு வளைந்து கொடுக்கும்,
கச்சான் பட்டரை இழுத்தால் தோல் உரியும்.
ஒரு இரவு பொலித்தீன் பைக்குள் கிடந்து
கொஞ்சம் மனம் கல்லான பாண்தான்
எனக்குச் சரி.

கச்சான் பட்டர் இரண்டு துண்டிலும்.
ஓம், இரண்டிலும்.
ஒன்றில் மட்டும் பூசிவிட்டு
மற்றதில் ஜாமை வெறும் பாணோடு விடுகிறவர்களை
வீட்டுக்குள் எடுப்பேன்,
குசினிக்குள் எடுக்கமாட்டேன்.
காலை ஏழுக்குச் சுற்றிய பொதி
பகல் பன்னிரண்டரைக்குத்தான் பிரியும்.
இடையில் நூறாம் நம்பர் பஸ்,
என் கைப்பைமேல் சாயும் மூன்று பேர்,
வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை
காலி வீதியின் வெயில்.
ஒழுகினால் கணக்குப் புத்தகம்தான் நனையும்.

சிவப்பு ஜாம் வேண்டாம்.
அதற்குச் சீனியைத் தெரியும்,
பழத்தைத் தெரியாது.
விளாம்பழ ஜாம்தான். மண்ணிறம்.
கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் புழுதி மணம்.
நடுவில் எங்கேயோ ஒரு கல் உப்பு,
எங்கே வைத்தேன் என்பதை நானே மறந்துவிட்டு
கடிபடும்போது திடுக்கிடவேண்டும்.

கச்சான் பட்டர் கொரகொரப்பாக.
விலை ஏறிய வருடம் நானே அரைத்தேன்.
கிரைண்டர் புகைந்தது.
இன்றைக்கும் அதில் சம்பல் அரைத்தால்
கச்சான்காரர் கடந்துபோன வாசம்.

வெட்டுவதில்லை.
முக்கோணம் பிறந்தநாள் வீடுகளுக்கு.

பாணின் இரண்டு நுனியும் காகத்துக்கு.
யன்னல் கம்பிக்கு வெளியே அது
சம்பள நாள்போல வந்து நிற்கும்,
இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே தெரிகிற
ஒரு சாண் கடலை மறைத்துக்கொண்டு.

போன சனிக்கிழமை லிஃப்ட்
மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இடையில் நின்றது.
மாளிகாவத்தையிலிருந்து நௌஸர் வந்தார்.
இரண்டரை மணித்தியாலம்
கம்பிகளோடு பேசிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.
பசிக்குதா என்றேன்.
பாண், போத்தல், கத்தி, கல் உப்பு,
என் சட்டங்கள் முழுவதையும் மேசையில் பரப்பினேன்.

"கச்சான் ஆகாது மிஸ்.
தொண்டை வீங்கிரும்.
சின்னதுல ஒருக்கா பெரியாஸ்பத்திரியில கிடந்தேன்."

கத்தியை இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.
மேசையைத் துடைத்தேன். கையைக் கழுவினேன்.
பிறகுதான் பார்த்தேன்,
என் ஜாம் போத்தலின் வாயெல்லாம் கச்சான்.
பத்து வருடமாக ஒரே கத்தியால் தோண்டிய
என் ஒழுங்கு அப்படி.
புதிய போத்தல் உடைத்தேன்.
புதிய பாண் பிரித்தேன்.
காகத்துக்கென்று நுனியை ஒதுக்கினேன்.

"அத ஏன் எறியிறீங்க? அதுதானே பிடிமானம்.
இல்ல, தடவ வாணாம்.
நடுவுல ரெண்டு கரண்டி வைங்க, போதும்."

நின்றபடி மடித்தார்.
கிரீஸ் விரல்கள் ஒரு மூலையை மட்டும் பிடித்திருக்க
மற்றதெல்லாம் நாலு கடியில் முடிந்தது.
ஒரு துளி நிலத்தில் இல்லை.
கறுத்த மூலையை யன்னலால் எறிந்தார்,
காகம் அந்தரத்தில் பிடித்தது.
அதற்கும் கணக்குத் தீர்ந்தது.

அவர் போனபின்
மற்ற நுனியை எடுத்து நானும் மடித்துப் பார்த்தேன்.
ஜாம் முழங்கை வரை வந்தது.
இல்லை. எனக்கு இது சரிவராது.
நேற்றைய பாண், இரண்டு பக்கமும் கச்சான்,
திங்கட்கிழமை வழமைபோலத்தான்.

ஆனால் புதிய போத்தல்
மேல் தட்டில் தனியாக இருக்கிறது,
மூடியில் பேனையால் எழுதி:
கச்சான் கத்தி தொடக்கூடாது.

எங்கள் லிஃப்ட்
மாதத்துக்கு ஒருமுறையாவது நிற்கும்.