எட்டுக் கிலோ ஈயம்

ஸ்ப்ளிட் துறைமுகத்தில், முன்பு மீன் ஏலம் போட்ட கூடத்தில்
முக்குளித்து மீளாதவர்களின் கருவிகளைப்
பிரித்துப் பார்ப்பது என் வேலை.
உடல் வேறு கட்டடத்துக்குப் போய்விடும்.
எனக்கு வருவது உப்பு காயாத மிச்சம்.

வியாழக்கிழமை வந்தவை ராய்ன்ஹோல்டுடையவை.
கிராட்ஸ் நகரத்துப் பல் மருத்துவர். ஐம்பத்தெட்டு.
விஸ் தீவுக்கு அப்பால்
மூழ்கிய சரக்குக் கப்பலைப் பார்க்க இறங்கியவர்.

சிலிண்டரின் வாயைத் திருகினேன், சீறியது.
எழுபது பார் காற்று இன்னும் இருந்தது.
முகர்ந்தேன்: எண்ணெய் வாடை இல்லை.
ரெகுலேட்டரில் புது ரப்பர் மாட்டி
(அவர் கடித்ததில் என்னால் முடியவில்லை)
நானே இழுத்துப் பார்த்தேன்.
தங்குதடையின்றி வந்தது மூச்சு.

'கருவியில் குறையில்லை.'
எழுதப் பிடிக்காத வாக்கியம் இது.
இதற்கப்புறம் மனிதரைத்தான் பிரிக்க வேண்டும்.

படகில் நிரப்பிய படிவம்:
இதய நோய் உண்டா? இல்லை.
அந்த இல்லையின் மேல் பேனா இரண்டு முறை ஓடியிருக்கிறது.
அவருடைய செருப்புக்குள் மாத்திரை டப்பா,
செவ்வாய், புதன் அறைகள் திறக்கப்படவே இல்லை.
கடைசியாகக் கடலில் இறங்கி ஒன்பது வருஷம்.
முதலில் கரையோரம் ஒரு சுற்று வாருங்கள் என்றாராம் படகுக்காரர் ஃப்ரானே.
நான் பணம் கட்டியது கப்பலுக்கு என்றாராம் இவர்.

கூட இறங்கியவர் மைத்துனர் எகோன்.
அடுத்த அறையில் அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்:
படம் எடுத்தேன், திரும்பினேன், காணோம்.
அவர் கேமராவில் கடைசிப் படம்
நகக்கண் அளவு ஊதா நத்தை.
அத்தனை துல்லியம்.

மணிக்கட்டுக் கணினி பொய் சொல்லாது.
முப்பத்தொரு மீட்டர். பத்தொன்பதாம் நிமிடம்
காற்று குறையும் வேகம் இரட்டிக்கிறது.
பிறகு கோடு செங்குத்தாக ஏறுகிறது,
ஐம்பதே நொடியில்
பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் வெயில்.
வந்துவிட்டார்.
படகைக்கூடப் பார்த்திருப்பார்.
நான்கு நிமிடம் அங்கேயே இருக்கிறது கோடு.
அப்புறம் மெல்லக் கீழிறங்குகிறது.

இடுப்பில் எட்டுக் கிலோ ஈயம்.
கொக்கி
பூட்டியபடி.

ஞாயிற்றுக்கிழமை தாரின்காவோடு நானும் இறங்கினேன்.
பன்னிரண்டு மீட்டர். கண்ணாடித் தண்ணீர்.
ஒரு குறையும் இல்லை;
என் மூச்சு மட்டும் யாருடையதோ போலக் கேட்டது.
கட்டைவிரலை உயர்த்தினேன்.
கரையில் அதற்குப் பிரமாதம் என்று அர்த்தம்,
கீழே, போதும், மேலே போகலாம்.
காரணம் கேட்பது எங்களுக்குள் வழக்கமில்லை.
தாரின்காவும் விரலை உயர்த்தினாள்.

எங்கள் குமிழிகளை முன்னே போகவிட்டு
மூச்சை அடக்காமல் ஏறினோம்.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்
பேருந்துக்கு நிற்பவர்கள்போல் நின்றோம்.
மேலே வந்ததும் மிதவைச் சட்டையில் காற்றேற்றினேன்.
பிறகு, தேவையே இல்லாமல்,
பெல்ட்டின் கொக்கியைத் தட்டிவிட்டேன்.

ஃப்ரானேவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.
ஈயம் என்ன விலை தெரியுமா? யார் போய் எடுப்பது?
கை பழகட்டும் என்றேன்.
அவர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.
வெகுநேரம் சுருட்டினார்.

திங்கட்கிழமை அறிக்கையின் கடைசிக் கட்டத்தை நிரப்பினேன்:
கொக்கி, துரு இல்லை.
ஏழு முறை சோதித்தேன்.
ஒரு விரலுக்கே திறக்கிறது.