தன்மை ஒருமை

"அவள் சொல்கிறாள்" என்று
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சொல்லக்கூடாது.
சாட்சி "நான்" என்றால்
நானும் "நான்" என்றே சொல்லவேண்டும்.
பதினொரு வருடமாய் இதுதான் தொழில்.
காணிப் பிணக்கில் வேலி பிரித்திருக்கிறேன்,
முதிரைக் குற்றி கடத்தி முறிகண்டியில் பிடிபட்டிருக்கிறேன்,
கசிப்புக் காய்ச்சிவிட்டு
தண்டம் குறைக்கச்சொல்லி அழுதிருக்கிறேன்.

அக்கராயனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்
கூண்டில் ஏறி "நான்" என்றாள்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
அதையும் பெயர்த்தேன்,
சிங்களத்தில் பேசாமல் நின்று.

நீதவான் நல்ல மனிதர்.
ஆட்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தவா என்று கேட்டார்.
"காம்பிலயும் கதவைச் சாத்திப்போட்டுத்தான் கேட்டவை.
திறந்தே கிடக்கட்டும் ஐயா."

பிறகு வந்தது, ஒரே மூச்சில்.
நான் போனேன். வெள்ளையடித்த கற்களுக்கு நடுவால் கூட்டிப்போனார்கள்.
பச்சை விரிப்புப் போட்ட மேசை. மூன்று அதிகாரிகள்.
எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள்.
கிணற்றடியில் என்னைப் பிடித்தவன் உள்ளே வந்து
சல்யூட் அடித்தான்.
அவர்களும் திருப்பி அடித்தார்கள்.
எனக்கு அப்போதே தீர்ப்பு விளங்கிவிட்டது.

அந்த விசாரணையின் அறிக்கை
ஒன்றரைப் பக்கம்.
சிங்களத்தில் "சித்திய" என்றால் சம்பவம்.
எங்களுக்குச் சித்தி என்றால் பரீட்சையில் தேறுவது.
கவனமாகத்தான் வாசித்தேன்:
சம்பவம் நிகழ்ந்துள்ளது.
ஒழுக்கம் மீறப்பட்டுள்ளது.
உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.
மூன்று வசனத்திலும் ஆளைத் தேடினேன்.
பள்ளிக்கூடத்தில் எழுவாய் எங்கே என்று கேட்டுக்
குட்டு வாங்கியிருக்கிறோம்.
இதை எழுதியவருக்குக் குட்ட
இங்கே யாருமில்லை.

உரிய நடவடிக்கை என்றால்?
இடமாற்றம் என்றார் கட்டளை அதிகாரி,
தொப்பியைக் கக்கத்தில் வைத்தபடி.
எங்கே?
வேறொரு முகாமுக்கு.
பெயர்த்து முடிக்கமுதல் அவள் கேட்டாள்
(சாட்சி கேள்வி கேட்கக்கூடாது):
"அங்கயும் கிணறு இருக்கே?"

எதிராளியின் சட்டத்தரணி எழுந்தார்.
இப்போது அவருக்கும் நான்தான் வாய்.
"இது படையின் உள்விவகாரம்" என்று அவளிடம் சொன்னேன்.
"இந்த வழக்கை எங்களிடமே திருப்பித் தரும்படி கேட்கிறேன்.
சிப்பாயைச் சிப்பாய்தான் அறிவான்."
பொழுதுபட்ட நேரம் தனியே ஏன் தண்ணிக்குப் போனாய்
என்றும் கேட்டேன்.
அவர் சொன்னது "தமுசே".
மரியாதை இல்லாத நீ.
நான் "நீங்கள்" என்றேன்.
ஏன் போனீங்கள்.
பதினொரு வருடத்தில் சத்தியம் தவறியது
அந்த இரண்டெழுத்துக்குத்தான்.

"தண்ணி முடிஞ்சுது, போனன்" என்றாள்.
பிறகு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"எங்கட ஊரில ஒருத்தன் மாடு களவெடுத்தால்
அவன்ர தமையனைக் கூப்பிட்டுத் தீர்ப்புக் கேக்கிறேல்லை.
தமையன் நல்லவனாயும் இருக்கலாம்.
எண்டாலும் கேக்கிறேல்லை."
தமையனுக்குச் சிங்களத்தில் "ஐயா".
நீதவானை அவள் கூப்பிட்டதும் ஐயா.
நாக்கு ஒருகணம் இடறியது.
எழுதிக்கொண்டிருந்த லிகிதர் நிமிர்ந்து பார்த்தார்.
வாசலில் நின்ற கச்சான் விற்கிற மனுசியும்.

வழக்கு எந்த மன்றுக்கு என்ற கட்டளை
மார்கழி பதினேழுக்கு.
நீதவான் எதையும் எழுதாமல்
பேனாவை மூடினார்.

பின்னேரம் பஸ் நிலையத்தில் கண்டேன்.
வடைக் கடதாசியை நாலாய் மடித்து
எங்கே போடுவதென்று தெரியாமல் வைத்திருந்தாள்.
வழக்காளியோடு கதைக்கக்கூடாது எனக்கு.
அவளே கிட்ட வந்தாள்.
"உங்கட குரலில நான்
வடிவாய்ச் சொன்னனானோ?"

எந்தப் பாசையிலும் மறுமொழி வரவில்லை.
அக்கராயன் பஸ் வந்து
ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள்.
"சொன்னன்" என்றேன்.