வெள்ளையிலிருந்து வெள்ளைக்கு

நான்கு நாள் ஆலை, மூன்று நாள் வீடு.
ஆலையில் சிலிக்கான் வட்டுகளை லேசர் நறுக்குவதைக்
கண்ணாடிக்கு இப்புறம் நின்று பார்ப்பேன்.
வீட்டில் பருத்தி.

முப்பத்தொரு டிகிரியில் எதற்கு குவில்ட் என்று
கேட்காத ஆளில்லை உட்லண்ட்ஸில்.
ஏர்கானை இருபதில் வைத்துக்கொண்டு
கேட்கிறவர்களுக்குத்தான் தைக்கிறேன்.

முதல் குவில்டுக்குக் கத்தரிக்கோல்.
நூற்று நாற்பத்து நான்கு சதுரங்கள்,
ஒன்றுகூடச் சதுரமில்லை.
சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளிகள்போல
மூலைக்கு மூலை முகம் திருப்பி நின்றன.
பிறகு உருளைக் கத்தி வந்தது.
ஓர் இழுப்பில் ஆறு அடுக்கு.
அதற்கடியில்,
வெட்டின தடத்தைத் தானே மூடிக்கொள்ளும் பச்சைப் பாய்.
சில நாள் ஆலையிலிருந்து திரும்பியதும்
அந்தப் பாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.
அப்புறம் ஒரு செயலி.
அராப் ஸ்திரீட் கடையில் துணிமேல் கைப்பேசியை நீட்டினால்
இதற்கு இன்ன நிறம் பொருந்தும் என்று சொல்லும்.
ஒரே ஒரு தடவை அதன் பேச்சைக் கேட்டேன்.
சரியாக இருந்தது.
எரிச்சலாகவும் இருந்தது.

இப்போது கணினி மெஷின்.
தவணை இன்னும் பதினோரு மாதம்.
வரவேற்பறையில் பாதி அதற்கு,
சாப்பாட்டு மேசை மடங்கிச் சுவரோடு சாய்ந்துவிட்டது.
சட்டத்தில் துணியை இறுக்கிக்
கோப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினால்
அலை, இறகு, சங்கு,
கேட்டது கேட்ட இடத்தில்.
ஒருநாள் அதை ஓடவிட்டுச் சந்தைக்குப் போய்
குறவை மீன் வாங்கி, வரிசையில் நின்று
லாட்டரிச் சீட்டும் வாங்கி வந்தேன்.
தைத்துக்கொண்டிருந்தது.
மணிக்கட்டு வலிக்கு எழுதித்தந்த களிம்பு
இழுப்பறையில் காலாவதியாகிக் கிடக்கிறது.
இதிலெல்லாம் எனக்கு ஒரு வருத்தமுமில்லை.

போன செவ்வாய் மின்தூக்கியில்
கீழ்வீட்டு கூ செங் வாட்.
ஏழு வருடமாகத் தலையசைப்பு மட்டும்.
"மேலே மெஷின்" என்றார்.
ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன்,
பத்து மணிக்குமேல் தைப்பதில்லை,
நகர மன்றத்துக்கு எழுத வேண்டாம் என்று
ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

சத்தம் ஓகே லா, முன்னைவிடக் குறைச்சல் என்றார்.
"முன்பு நிற்கும்.
கொஞ்சம் நின்றால், நீ தண்ணீர் குடிக்கிறாய்.
அதிகம் நின்றால், நூல் அறுந்தது.
அதற்கும் மேலே என்றால்,
யாரையோ ஏசிக்கொண்டு பிரிக்கிறாய்.
இப்போது நிற்பதேயில்லை.
வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா,
தெரியவில்லை."

எட்டாம் மாடி. கதவு திறந்தது.
இறங்கும்போது சட்டை விலகி
வயிற்றோரம் ஒட்டிவைத்த குழாய் தெரிந்தது.
இரவில் ஒன்பது மணி நேரம்
உள்ளே நீர் விட்டு எடுக்கும் மெஷினாம்.
அவர் மகள் பிறகு சொன்னாள்.
அது நிற்கக் கூடாது.

என்னுடையது தானாக நிற்பது இரண்டுக்குத்தான்.
நூல் அறுந்தால்;
இந்த ஜெர்மன் நூல் அறுவதில்லை.
இல்லையென்றால், நிறம் மாறினால்.
கோப்பைத் திறந்து
சங்குக்கும் இறகுக்கும் நடுவே
ஒரு நிறமாற்றம் செருகினேன்.
வெள்ளையிலிருந்து வெள்ளைக்கு.
இறகு முடியும் இடத்தில் இன்னொன்று.
மொத்தம் ஆறு.
புக்கிட் தீமா வாடிக்கையாளருக்கு இது தெரியாது,
மணிக்கணக்கில் சேர்க்கவுமில்லை.

நின்றது.
நூலை மாற்றவும் என்று திரை கண்சிமிட்டியது.
எழுந்துபோய் ஒரு தே ஓ கோசோங் கலந்து
நிதானமாகக் குடித்தேன்.
நான்காவது நிறுத்தத்தை நீளமாக விட்டேன்.
பிரிப்பதற்கு ஒன்றுமில்லை, தையல் கச்சிதம்.
சன்னலோரம் போய் நின்று
சும்மாவே
சத்தமாக ஏச ஆரம்பித்தேன்,
முதலில் மெஷினை,
வாய் பழகியதும் மேலாளரை.