நெறி

வின்னிபெக். காலை ஆறரை. மைனஸ் முப்பத்தொன்று.
பாரஃபின் கட்டிகளை ஐஸ் தட்டில் அடுக்குகிறேன்.
எதற்கு ஐஸ், சன்னலுக்கு வெளியே நீட்டினால் போதாதா
என்று மாரிவிக் தினமும் கேட்பாள்,
தினமும் சிரிப்போம்.
திறக்காத சன்னல் அது.

நான் டாக்டர் இல்லை. வெட்டுகிறவள்.
மூன்று மைக்ரான் கனம்.
கத்தியில் கட்டி இறங்க இறங்க
ஒன்றின் வாலை ஒன்று பிடித்து
நாடாவாய் வரும் சீவல்கள்.
அப்போது மூச்சு விடக்கூடாது.
தும்மினால் யாருடைய கழுத்தோ பறந்துபோய்
என் முழங்கையில் ஒட்டிக்கொள்ளும்.
வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விட்டு
சுருக்கம் நீங்கியதும்
பாலாடை எடுப்பதுபோல்
கண்ணாடிச் சில்லில் ஏந்துவேன்.

இன்றைய கட்டி டாஃபினிலிருந்து.
ஆண், வயது ஒன்பது, கழுத்து.
'மூன்று வாரத்தில்' என்று எழுதி
'மூன்று'க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள்,
இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்திருந்தது.

நம் மொழியில் இதற்குச் சொல் உண்டு.
காலில் முள் குத்தினால்
அரையில் நெறி கட்டும்.
ஒழுக்கத்துக்கும் அதே சொல்.
போகிற வழிக்கும் அதே சொல்.
ஒலெக்சியுக்கிடம் ஒருமுறை சொன்னேன்.
அப்படியானால் என் வேலை முழுக்க
வழி வீங்கியவர்களோடுதான் என்றார்.

இரட்டைத்தலை நுண்ணோக்கியில்
எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னார்.
நீலக் கருக்கள், விரல் நுழைய இடமில்லாமல்
நெருக்கியடித்துக்கொண்டு.
நடுநடுவே வெளிறிய வட்டங்கள்.
விண்மீன் வானம் என்பார்கள் பாடப்புத்தகத்தில்.
அழகு, என்றேன்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் கண்ணை எடுக்கவில்லை.
முப்பது வருடமாய் நானும் அதைத்தான் சொல்கிறேன், என்றார்,
வீட்டில் மட்டும் சொல்வதில்லை.

அந்த வட்டங்கள் செத்ததைத் தின்னும் செல்கள்.
பிறக்கிற வேகத்திலேயே
செத்துக்கொண்டும் இருக்கிற கூட்டத்தில்
அள்ளி அள்ளித் தின்று
வயிறு வெளுத்துப்போன துப்புரவாளர்கள்.
ஆக, மீன்களில் இல்லை நோய்.
வானம்தான்.

மறுநாள் பழுப்புச் சாயம் ஏற்றினோம்,
எத்தனை செல்கள் பெருகும் வேலையில் இருக்கின்றன என்று எண்ண.
நூற்றுக்கு நூறு.
பள்ளிக்கூடத்தில் வாங்கியிருந்தால்
மிட்டாய் கொடுத்திருப்பார்கள்.
ஒலெக்சியுக் நின்றபடியே தொலைபேசியில்:
இன்றைக்கே. நாளைக்கு இல்லை.
இவ்வளவு வேகமாய் வளர்வது
மருந்துக்கும் அதே வேகத்தில் விழும்.
நம்பிக்கையை இத்தனை அதட்டலாய்
நான் கேட்டதில்லை.

ஐந்து மணிக்கே கும்மிருட்டு.
வண்டியைச் சூடாக்கும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு
நிமிர்ந்தேன்.
நிமிர்ந்திருக்கக் கூடாது.
மேலே அதே கண்ணாடிச் சில்லு.

தென்னைமரத்தில் தேள் கொட்டினால்
பனைமரத்தில் நெறி கட்டுமா என்று
நக்கலாய்க் கேட்போம் ஊரில்.
இங்கே தென்னை இல்லை, பனை இல்லை,
இந்தக் குளிரில் தேளுக்கும் பிழைப்பில்லை.
மஃப்ளருக்குள் கைவிட்டு
என் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தேன்,
விரல் மரத்துப்போகும்வரை.

பிப்ரவரியில் அவன் எலும்பு மஜ்ஜை வந்தது. சுத்தம்.
அதற்குப் பிறகு அந்த எண்ணில் எதுவும் வரவில்லை.
இப்போது ஏப்ரல்.
வாகன நிறுத்தத்தில் பனி இளகி
குளிர்காலம் முழுக்கத் தொலைந்த கையுறைகள்
ஒற்றை ஒற்றையாய் எழுந்து வருகின்றன.
வராமல் இருப்பதற்கு
இரண்டு அர்த்தம் உண்டு எங்கள் அறையில்.
கணினியில் தட்டினால் எது என்று தெரிந்துவிடும்.
பார்க்க எனக்கு உரிமை இல்லை.
முதல் மூன்று இலக்கம் வரை
போயிருக்கிறது விரல்.

ஐஸ் தீர்ந்துவிட்டது என்கிறாள் மாரிவிக்.