பதினேழுக்கு மேல்

கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்துக்கு எதிரே
ஞானசேகரன் டீக்கடையில்
ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூடுகிற நாலைந்து பேருக்கும்
ஜெயக்கொடிதான் பேச்சு.
நேரில் பார்த்தவர் யாருமில்லை.
கமலாபுரத்துப் பெண் என்பார்கள்.
கமலாபுரத்தில் கேட்டால்
எருக்காட்டூராக இருக்கும் என்பார்கள்.

ஆறு வருஷத்தில் பதினொரு பாட்டு.
எழுத்தும் மெட்டும் அவளே.
ஒரு கிட்டார்,
பின்னால் எங்கோ தண்ணீர் இறைக்கும் மோட்டார்.
அந்த மோட்டாரையும் விட்டுவைக்கவில்லை இவர்கள்.
நிறுத்த மறந்ததா, வேண்டுமென்றே விட்டதா?
மும்முனைக் கரண்ட் வருகிற நேரமாய்ப் பார்த்துத்தான்
பதிவு செய்திருக்கிறாள் என்று
கண்டுபிடித்துச் சொன்னது
வயர்மேன் புஷ்பநாதன்.

நேற்று மூன்றாவது பாட்டு.

"பதினேழுக்கு மேல் ஈரமென்று
என்னைத் திருப்பி அனுப்பினாய்.
நாலு நாள் கழித்து வந்தது உன் கருணை.
அதற்குள் நான் முளைத்துவிட்டேன்."

பிஸ்கட் ஜாடியில் சாய்த்துவைத்த போனுக்குள்ளிருந்து
கூத்தாநல்லூர் நசீமா சொன்னாள்:
பதினேழு அவளோட வயசு.
பொண்ணு பார்க்க வந்தவன் வேண்டாம்னு போயிருக்கான்,
மனசு மாறித் திரும்பி வந்திருக்கான்,
அதுக்குள்ள இவ எழுந்து நின்னுட்டா.
முளைக்கிறதுன்னா அதுதானே?
பேங்க் பரீட்சை நோட்டின் முதல் பக்கத்தில்
அந்த ஒரு வரியை
எழுதி வைத்திருக்கிறாளாம்.

லோடுமேன் அய்யாவு கிளாஸைக் கீழே வைத்தான்.
வயசாவது ஒண்ணாவது, நெல்லும்மா அது.
களத்துல கிடக்கிற நெல்லு முளைச்சா
மாடுகூட மோந்து பார்த்துட்டுப் போயிடும்.

அப்ப ஏன் அந்த இடத்துல சிரிக்கிறா?

மூன்று முறை ஓட்டிக் கேட்டார்கள்.
சிரிப்பு என்றாள் நசீமா.
விக்கல் என்றான் அய்யாவு.
லோ வோல்டேஜ் என்றான் புஷ்பநாதன்.

சார், மீட்டர் பிடிக்கிற ஆளு நீங்க சொல்லுங்க.

மெட்டுக்கு இடிக்காமல் இருக்கப் போட்டிருப்பாள், விடுங்கள்
என்றேன்.
போனுக்கு உள்ளேயும் வெளியேயும்
ஒரே சமயத்தில் திட்டினார்கள்.

அது தை மாதத்தில் மழை பெய்த வருஷம்.
பதினேழு புள்ளி எட்டு,
பதினெட்டு புள்ளி ஒன்று,
காய வைத்துக் கொண்டா, காய வைத்துக் கொண்டா.
வெயில் என்னிடமா இருந்தது?
பத்தொன்பது வரை வாங்கலாம் என்ற தளர்வு
நாலாம் நாள் சாயங்காலம்
மேலதிகாரி வாட்ஸ்அப்பில் வந்தது.
தார்ப்பாயை விலக்கினால்
வெள்ளை வெள்ளையாய்ப் பால்பல்.
குவியலுக்குள் கைவிட்டால்
காய்ச்சல்காரன் நெற்றிச் சூடு.

அறுபத்திரண்டு டோக்கன் அன்றைக்கு.
அப்பாவுக்குப் பதிலாக வரிசையில் நின்ற பெண்பிள்ளைகள்
ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.
ஒருத்தி எதையோ முணுமுணுத்தபடி
சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள்.
இருந்தாளா?
பாட்டைக் கேட்ட பிறகு
நானாகக் கொண்டுவந்து உட்கார வைத்தேனா?

மோட்டார் வரைக்கும் பேசுகிறவர்கள்,
அனுப்பினாய் என்கிறாளே,
அந்த நீ யார் என்று மட்டும்
இதுவரை பேசியதில்லை.
பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போலிருந்தால்
நான்தான் இன்னொரு டீ சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை முதல் வண்டி
முகந்தனூர்.
கூட வந்தவன் வாட்டசாட்டமான பையன்,
காதில் ஏதோ பாட்டு.
மீட்டரில் பதினேழு புள்ளி ஆறு.
அவன் ஒரு காதை மட்டும் கழற்றினான்.

கிண்ணத்தைக் கொட்டிவிட்டு
குவியலின் வேறொரு பக்கத்தில்
இன்னொரு கை அள்ளினேன்.