புள்ளி ஒன்பது

எனக்கு வைத்தியம் தெரியாது.
தட்டச்சு தெரியும், இரண்டு மொழியிலும் ஹையர்.
சேலம் பெரியாஸ்பத்திரி, முப்பத்தெட்டாம் அறை,
டாக்டர் ஜெசிந்தா கிறுக்கித் தருவதை
எழுத்தும் எண்ணுமாகக் கணினியில் ஏற்றுகிறேன்.
எஃப் இருபது. எஃப் முப்பத்தொன்று.
எஃப் முப்பத்திரண்டு என்றால் மனச்சோர்வு,
அதில் புள்ளிக்குப் பின்னால் வருவது கனம்:
சைபர் லேசு, ஒன்று நடுத்தரம், இரண்டு கடுமை.
ஒன்பது, குறிப்பிடப்படாதது.
செவ்வாய்க்கிழமை வரிசை
மாடிப்படி வரை நீளும்போது
பாதி சேலம் புள்ளி ஒன்பதுதான்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்
பூட்டைப் பதினேழு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு
பாதி வழியில் திரும்பிப் போகிறவர்.
எஃப் நாற்பத்திரண்டு என்றதும் அழுதுவிட்டார்.
"அப்ப எனக்கு முன்னாடி
நாப்பத்தொரு பேரு இருக்காங்களா?"
நான் திருத்தவில்லை.

தை மாதம், நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸில்
காரிச்சி வந்தாள்.
எத்தனை நாளா? ரெண்டு வாரத்துக்கு மேலயா?
"காப்பி பூத்தப்ப வந்துச்சுங்க டாக்டரம்மா,
பழம் பறிச்சு முடிச்சும் போகல."
டாக்டர் விரல் மடக்கி எண்ணி
பத்து மாதம் என்று எழுதினார்.
ஆள் இல்லாதப்ப குரல் கேக்குதா?
"ஆள் இல்லாதப்பதாங்க நல்லாக் கேக்குது.
பழம் அரைக்கிற மிசினு ஓடுனா
ஒண்ணும் கேக்காது."

மகள்.
திருப்பூர் மில்லுக்குப் போனவள்.
போனும் இல்லை, பொணமும் இல்லை.

எஃப் இருபது எழுதி அடித்தார்.
முப்பத்திரண்டு எழுதி, கேள்விக்குறி போட்டு,
அதையும் அடித்தார்.
கடைசியில் இசட் அறுபத்து மூன்று புள்ளி நான்கு:
குடும்பத்தில் ஒருவர் காணாமற்போதல், இறத்தல்.
இரண்டுக்கும் ஒரே எண்.
இசட் என்பது நோயல்ல.
நோயல்லாததற்கு
எங்கள் கணினி மருந்துச் சீட்டு அச்சடிக்காது.
"அவ தூங்கணும் கமலவேணி" என்றார் டாக்டர்.
அடித்ததை மறுபடி எழுதினோம்.
எஃப் முப்பத்திரண்டு.
புள்ளி ஒன்பது.

பங்குனியில் புதுப் பதிப்பு ஏற்றினார்கள்.
எஃப் எல்லாம் போயிற்று.
எண்ணில் தொடங்கி, நடுவில் எழுத்து நுழைந்து,
வண்டி நம்பர் மாதிரி ஏதோ.
புதிதாக ஒரு நோய் வந்திருந்தது:
ஆறு மாதத்துக்கு மேல்,
அவரவர் ஊர் வழக்கத்தையும் மீறி
நீடிக்கிற துக்கம்.
கொண்டலாம்பட்டி பைபாஸில்
தம்பி குணாளன் விழுந்து ஏழரை மாதம்.
செவ்வாய் ராத்திரி வரை நான் அழுகிறவள்.
புதன்கிழமை பதினொன்றரைக்கு
கணினி மறுபடி உயிர் பெற்றபோது
நோயாளி.

எங்கள் வீட்டிலும் ஒரு பதிப்பு உண்டு.
மூன்றாம் நாள் பால்,
பதினாறாம் நாள் காரியம்,
வருஷம் திரும்பினால் திவசம்.
அதன்படி எனக்கு இன்னும்
நாலரை மாதம் பாக்கி.
மீறினேனா என்று யாரைக் கேட்பது?
அம்மாபேட்டையில் எங்கள் தெருவில்
ஒருத்தி மூன்றாம் வாரமே டிவி போட்டாள்.
இன்னொருத்தி
முப்பது வருஷமாகப் பூ வைப்பதில்லை.

சாப்பாட்டு வேளையில் என் பெயரில்
ஒரு பதிவு திறந்தேன்.
பெயர், வயது, தெரு, எல்லாம் நிரப்பி
எண் கேட்ட கட்டத்தில் நிறுத்தினேன்.
கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.
தயிர்சாதம் புளித்திருந்தது.
மூடிவிட்டேன். சேமிக்கவா என்றது.
இல்லை.

சித்திரையில் காரிச்சி திரும்ப வந்தாள்.
கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது.
தூக்கம் வருதாம்.
குரல்?
"பேசறாங்க. இப்பல்லாம் மெதுவாப் பேசறா,
என்னை எழுப்பக் கூடாதுன்னு."
டாக்டர் எதுவும் எழுதவில்லை.
அதே மாத்திரை, இன்னும் ஒரு மாதம்.

சீட்டை நீட்டினேன்.
வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.
"உனக்கு யாரு கண்ணு?"

அடுத்த டோக்கன், என்றேன்.
நூற்றுப் பதினாலு.